மத்தியானம் ஒரு மணி நேரம்

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் தன் பெருமையைத்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பெருமை கொஞ்சம்தான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் வட்டகொடைப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். தேயிலை ஆராய்ச்சியில் கள உதவியாளனாகச் சேர்ந்து, கள அலுவலராக வெளியே வந்தேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவில் லயத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு மழைமானியின் கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தில் நாள் தவறாமல் மழை எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் மானியின் வாயிலே சிலந்தி வலை. கொஞ்சமும் கிழியாமல் அழகாகக் கட்டியிருந்தது. குவாட்டர்ஸ் ஜன்னலிலிருந்து வானத்தைப் பார்த்து மழை எழுதிக்கொண்டிருந்த அந்தச் சகஊழியரை இடம் மாற்றினார்கள், என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். வருடக்கணக்கில் இந்தக் கதையைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். என் பெருமை இவ்வளவுதான்.

இனி எழுதப்போவது நான் யாரிடமும் சொல்லாத கதை.

கொழுந்து கத்தரி உங்களுக்குத் தெரியும். இரண்டு அலகும் ஒரு தட்டும் உள்ள கைக்கத்தரி. வெட்டினால் கொழுந்து தட்டில் விழும், அதை முதுகுப் பைக்குள் தள்ளிவிட வேண்டும். இப்போது அது பெரிய விஷயமே இல்லை. நான் சொல்லும் நாட்களில் மேட்டு மலைகளுக்கு அது புதிது. தெற்கே காலிப் பக்கம், தாழ்நிலமான பணிய நாட்டில், சிறு தோட்டக்காரர்கள் அதை முன்பே பழகியிருந்தார்கள். இங்கே கம்பெனிகளுக்கு ஆள் பஞ்சம். பிள்ளைகள் படித்துவிட்டோ படிக்காமலோ கொழும்புக்குப் போய்விட்டார்கள், மலையில் மிஞ்சியவர்கள் நாற்பது தாண்டிய பெண்கள். கத்தரி இங்கேயும் சரிவருமா என்று பார்த்துச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. தேவை உண்மையானது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ கத்தரிக்கு எதிரி என்று நினைப்பீர்கள்.

முதலில் என்னைத் தெற்கே அனுப்பினார்கள். அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்த ஒரு சிங்களக் குடும்பத்தோடு இரண்டு நாள் இருந்தேன். கணவனும் மனைவியும் காலையில் வெட்டினார்கள். வெயில் ஏறியதும் வெட்டியதை வீட்டு வாசலில் கொட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு குவியலைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே முத்தல் இலையையும் தடித்த காம்பையும் பொறுக்கி எறிந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து பொறுக்கினேன். பலாக்காய் வேகவைத்துத் தேங்காய்ப்பூவோடு தந்தார்கள். கொழுந்து லொறி நாலு மணிக்குத்தான் வரும், அதுவரை அவசரம் இல்லை என்று அந்த மனிதர் சிங்களத்தில் சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தில் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று எழுதினேன். முத்தல் எத்தனை பங்கு என்று எழுதினேன். பலாக்காயைக்கூட எழுதியிருந்தேன். பொறுக்கினதை எழுதவில்லை. அது அவர்கள் வீட்டு நேரம், வேலையோடு சேராது என்று எண்ணிவிட்டேன்.

பிறகு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சோதனையைத் தொடங்கினோம். தோட்டத்தின் பேர் வேண்டாம். பன்னிரண்டு பெண்களைக் கண்டாக்கு பிரித்துத் தந்தார். கண்டாக்கு என்றால் மலை வேலையை மேற்பார்க்கும் ஐயா, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு பேர் கையால் எடுப்பார்கள், ஆறு பேர் கத்தரியால் வெட்டுவார்கள். இரண்டு மாதம். நான் நிறுத்து, மாதிரி எடுத்து, தரம் பார்த்து எழுத வேண்டும். அது முடிந்தால்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கத்தரிக் குழுவில் பாக்கியம் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அதிகம் பேசமாட்டார். வெட்டு மட்டம் பிசகாது. அவருடைய கணவர் சுப்பையா, நிழல்மரக் கிளை வெட்டப் போய் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்துவிட்டவர். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கட்டிலோடு கிடந்தார். தினமும் மத்தியானம் மலையை விட்டதும் பாக்கியம் குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஓடுவார். கஞ்சி கொடுத்து, உடம்பைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, தான் இரண்டு வாய் தின்றும் தின்னாமலும் ஒன்றரைக்கு மேலே ஏறி வந்துவிடுவார். புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று டிஸ்பென்சரி ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. சோதனை தொடங்கிய முதல் நாளே இதை என்னிடம் சொன்னார்.

"மத்தியானம் மட்டும் என்னைய விட்டுடணுங்க தம்பி. மத்த நேரமெல்லாம் நீங்க சொல்றபடி செய்யுறேன்."

அது உங்கள் நேரம்தானே அக்கா, யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். உண்மையும் அதுதான்.

இப்போது என் சாப்பாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். மற்றக் குழுக்களுக்கு மத்தியான நிறுவை பன்னிரண்டரைக்கு. நிறுத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போவார்கள். எனக்குக் கண்டாக்கு குவாட்டர்ஸில் சாப்பாடு. பன்னிரண்டு பேருக்கும் நிறுத்து, மாதிரி எடுத்து முடித்துவிட்டு நான் இறங்கிப்போனால் சோறு ஆறிவிடும், கண்டாக்குவும் எனக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே சோதனைக் குழுவுக்கு மட்டும் நிறுவையை ஒன்றரைக்கு மாற்றினேன். கொழுந்தைப் பையோடு மரத்தடி நிழலில் வைத்துவிட்டு நீங்களும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நானும் வருகிறேன். தரம் பார்க்க மாதிரி எடுத்ததும் அந்த நிறுவையில் மட்டுமே. சூடான சோற்றுக்காகச் செய்த ஏற்பாடு இது. அறிக்கையில் இதற்கு நான் வைத்த பேர் 'முறை'.

முதல் வாரம் கத்தரிக் கொழுந்து எதிர்பார்த்தபடியே மோசமாக இருந்தது. எடை கூடியது, முத்தலும் கூடியது. பெண்களின் எதிரிலேயே மாதிரியைக் கொட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. இரண்டாம் வாரம் தரம் ஏறியது. மூன்றாம் வாரம் கைக்கொழுந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கை பழகிவிட்டது என்று எழுதினேன். அப்படி எழுதும்போது எனக்கே ரொம்பச் சந்தோஷம்.

நாலாம் வாரம் ஒரு நாள் பாதி வழியில் மழை பிடித்தது. குடையை மலையில் விட்டுவிட்டேன் என்று திரும்பி ஏறினேன். மரத்தடியில் கத்தரிக் குழுப் பெண்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்து, பைகளைக் கொட்டி, முத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்குத் தலையில் உரப்பை. ஒருத்தி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பொறுக்கினாள். பொறுக்கினதையெல்லாம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் போட்டு, மேலே கவ்வாத்துக் குச்சியைப் பரப்பியிருந்தார்கள். பாக்கியமும் அங்கே இருந்தார். மணி ஒன்று.

பாக்கியம் தலையைத் தூக்கினார். நான் ஒரு பெரிய செடிக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று அப்போது நினைத்தேன். குடையை எடுக்காமலே, நனைந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

தம்பி தங்கைகளே, மலையில் இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சொன்னால் மூன்று வாரப் பதிவு குப்பைக்குப் போகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும், என் நிரந்தரமும் தள்ளிப்போகும். இன்னொரு நினைப்பும் வந்தது. கண்டாக்குவுக்குத் தெரிந்தால் அந்தப் பெண்களை ஏசுவார். பாவம், எனக்காகத்தானே செய்கிறார்கள், நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று. இந்த இரண்டாம் நினைப்பு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வருடக்கணக்கில் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பெரிதாக இருந்தது முதலாவது நினைப்புதான்.

அன்று பின்நேரம் பாக்கியத்திடம், மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லையா அக்கா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். பக்கத்துக் காம்பரா அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கஞ்சி கொடுத்துப் புரட்டிப் போடுகிறார் என்றார்.

"ரெண்டு மாசந்தானேங்க தம்பி. பரீட்ச முடிஞ்சிருமில்ல."

பரீட்சை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. யாருக்குப் பரீட்சை என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். குரலை உயர்த்தமாட்டார், கேள்வியை மட்டும் சரியான இடத்தில் வைப்பார். சோதனை முடிந்து நான் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வெகுநேரம் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பெறுபேறு நல்லாத்தான் இருக்கு. தேவைக்கு மிஞ்சி நல்லா இருக்கு. அதாலை கேக்கிறன், மத்தியானத்திலையும் நீர் அங்கை நிண்டனீரோ?"

"நின்னேன் சார். ஒரு மணி நேரம் ஓய்வு எடுத்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஓய்வு, ஒரு மணி நேரம் என்று நான் எழுதிய வரிக்குக் கீழேதான் அந்தக் கையெழுத்து விழுந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சிலந்தி வலை ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு வந்தது.

என்னை நிரந்தரமாக்கினார்கள். அறிக்கை தோட்டங்களுக்குப் போனது. மேட்டு மலையில் தேறியதென்றால் எங்கும் தேறும் என்று ஊவாப் பக்கத்துக்கும் போனது. என் தாள்களை மாதிரியாக வைத்து மற்ற இடங்களிலும் சோதனை செய்தார்கள். கத்தரி போன இடமெல்லாம் என் முறையும் கூடவே போனது. நிறுவை ஒன்றரைக்கு, மாதிரி அந்த நிறுவையில் மட்டும். கத்தரி பிடிப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவையும் ஏற்றினார்கள். கத்தரியால் இத்தனை கிலோ முடியும், தரமும் கெடாது, ஓய்வும் குறையாது என்று எழுதிக்கொடுத்தவன் நான். அவர்கள் அதை நம்பினார்கள். ஆராய்ச்சிக்காரன் எழுதியதை நம்பாமல் வேறு யாரை நம்புவார்கள்?

மூன்று வருடம் கழித்து அதே தோட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை கொழுந்து வெட்ட வேறு ஒரு நாட்டிலிருந்து வந்த சின்ன மோட்டார் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை. கண்டாக்கு புதியவர். காலையில் போய்ச் சேர்ந்து, மலையைப் பார்த்துவரலாம் என்று இயந்திரப் பெட்டியோடு ஏறியபோது பன்னிரண்டே முக்கால்.

மலை முழுக்க மரத்துக்கு மரம் படங்கு விரித்திருந்தது. எல்லாப் பெண்களும் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. பக்கத்தில் டப்பாக்கள் திறந்திருந்தன, ஒரு கை ரொட்டியைப் பிய்க்க, ஒரு கை இலையைத் தள்ள. யாரும் மறைக்கவில்லை. மறைக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் இப்போது அதுதான் வேலை. எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. முத்தல் கூடினால் கொழுந்தையே திருப்பிவிடுவார்கள். இரண்டையும் காப்பாற்ற அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம். யாரும் அவர்களை வீட்டுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. புத்தகப்படி அவர்கள் ஓய்வில் இருந்தார்கள்.

ஆறு பேர் இரண்டு மாதம் எனக்குச் செய்த உதவி, ஒரு மலைக்கே அன்றாட வேலையாகிவிட்டிருந்தது. அந்த வெயிலில் நின்றபடியே நின்றேன்.

பாக்கியம் கடைசி மரத்தடியில் இருந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். வலது தோளை ஒரு மாதிரி இறக்கி வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். பொறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார். பக்கத்துக் காம்பரா அம்மாவை அவர் மகள் வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மத்தியானம் பார்க்க ஆள் இல்லை. கண்டாக்குவிடம் கேட்டாராம். தாராளமாகப் போய்வா, அது உன் நேரம் என்றாராம் கண்டாக்கு. போன நாட்களிலெல்லாம் அரைப்பேர் விழுந்தது. வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்தார், பிறகு ஒரு நாள். ஒரு போத்தலில் தண்ணீரும் உறிஞ்சக் குழாயும் வைத்துவிட்டு வருவார். சுப்பையா காலையில் படுத்த பக்கமே பொழுது சாயும்வரை கிடப்பார். முதுகில் ஒரு ரூபாய்க் காசளவு சிவந்தது. பிறகு குழி விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆறாம் நாள் செத்துப்போனார். மத்தியானத்தில் திருப்பிப் போட யாரும் இல்லையா என்று அங்கே ஒரு நர்ஸ் கேட்டாராம்.

இதையெல்லாம் யார்மீதும் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சொல்லிவிட்டேன். இந்தக் கிலோ என் தாளிலிருந்து வந்ததுதான் அக்கா. அன்றைக்கு மழையில் நீங்கள் பொறுக்குவதைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் ஒரு மணி நேரம் ஓய்வு எடுத்தார்கள் என்று எழுதினேன். சொல்லும்போது அழுதேன். சுற்றி இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பாக்கியம் கையை நிறுத்தினார். படங்கு ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுங்க தம்பி. நீங்க செடிக்குப் பின்னால நின்னத நாங்க பார்த்தோம். காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கண்டாக்கு எங்களத்தான் பரீட்ச பண்ண வாறாங்கன்னு சொல்லியிருந்தாரு. முத்தல் இருந்தா வேல போயிரும்னு பயந்துதான் பொறுக்குனோம். நீங்க பார்த்துட்டும் பேசாம போனீங்க. லயத்து புள்ள, நம்மள காட்டிக்குடுக்கல்லன்னு நெனச்சோம். அதுக்கப்புறந்தான் உங்களுக்குக் கெட்ட பேர் வந்துறக்கூடாதுன்னு இன்னும் நல்லா பொறுக்குனோம்."

நாலாம் வாரத்துக்குப் பிறகு தரம் ஏன் இன்னும் ஏறியது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் தாளில் அதற்கும் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன், அலகு தேய்ந்து மட்டத்துக்குப் பழகியதால் என்று.

ஒன்றரைக்கு விசில் ஊதியது. தராசைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பாக்கியம் பையைக் கட்டி எழுந்தார். போகும்போது திரும்பி, என் பக்கத்தில் கிடந்த மோட்டார் இயந்திரத்தின் பெட்டியைப் பார்த்தார். அவர் கேட்டதைச் சத்தியமாக நல்ல மனதோடுதான் கேட்டார்.

"இந்தத் தடவையும் நல்லா செஞ்சு குடுக்கணுங்களா தம்பி?"

வேண்டாம் அக்கா, என்ன வருகிறதோ அது வரட்டும் என்றேன்.

அந்தச் சோதனையில் நான் மத்தியானம் குவாட்டர்ஸுக்குப் போகவில்லை. ரொட்டி கட்டிக்கொண்டுபோய் மரத்தடியில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடம் பொறுக்கினார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று எழுதினேன். இயந்திரம் தேறவில்லை. கத்தரியைப் பற்றியும் தனியாக எழுதி, என் பழைய தாள் பொய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு ஒரு கடிதம் வந்தது, இரண்டு வருடம் பதவி உயர்வு இல்லை. அது சரியானதுதான். கத்தரி விஷயத்துக்கு வந்த பதில்தான் என்னை உட்கார வைத்தது. ஊவாவிலும் மற்ற இடங்களிலும் செய்த சோதனைகளிலும் ஓய்வு ஒரு மணி நேரம் என்றே பதிவாகியிருக்கிறது, ஆகவே ஒரு தோட்டத்தின் பிழையால் மொத்த முடிவு மாறாது என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களை வரவழைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. யாரும் கையால் எழுதவில்லை. என் தாளைப் பார்த்துப் படிவம் அடித்தபோது, அந்த வரியையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அங்கேயும் பெண்கள் மத்தியானம் பொறுக்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். பார்த்து எழுதியவர் யாரும் இல்லை.

எங்கள் பழைய தலைவர் அப்போது ஓய்வு பெற்று ஊரோடு போயிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கேள்வி கேட்டதோடு விட்டிருக்கக் கூடாது, தானே ஒரு மத்தியானம் வந்து நின்றிருக்க வேண்டும் என்றார். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெற்கே அந்தக் குடும்பத்துக்குக் கத்தரி நல்லது செய்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் வாசலில், அவர்கள் நிழலில், சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பொறுக்கினார்கள். அந்த நேரம் அவர்கள் கையில் இருந்தது. நான் கத்தரியை மட்டும் மலைக்குக் கொண்டுவந்தேன். அந்த வாசலையும் நாலு மணி லொறியையும் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் முடியாது. ஒரு ஊரில் பிறந்த கருவியை இன்னொரு ஊருக்கு எடுத்துப்போகிற வேலைதான் உங்களுக்கும். உங்களிடம் வானத்தில் பறந்து படம் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, நல்லது. அதற்கு மத்தியானம் பசிக்காது, வீட்டில் படுத்திருக்கும் ஆளும் கிடையாது. அதனால் நீங்களும் கூடவே மலைக்குப் போங்கள்.

உங்களுக்குத் தரும் படிவத்தில் ஏழாம் வரி, 'ஓய்வு, ஒரு மணி நேரம்', இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மூன்று தடவை எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் வந்தது, வரி போகவில்லை. அதைப் பேனாவால் வெட்டிவிடுங்கள். பன்னிரண்டரைக்கு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதுங்கள். சோறு ஆறிப்போகும், போகட்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அந்தத் தோட்டத்தில் நிர்வாகியாக வந்த புதிய துரை ஒருவர், என் இரண்டாம் அறிக்கையை எங்கேயோ தேடி எடுத்து வாசித்துவிட்டு, கத்தரிக்கான கிலோவைக் குறைத்து, நிறுவையைப் பன்னிரண்டரைக்கு மாற்றினார். அந்த ஒரு தோட்டத்தில் மட்டும். கேள்விப்பட்டதும் பஸ் பிடித்துப் போனேன். மத்தியானம் மலை வெறிச்சோடிக் கிடந்தது. பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பாக்கியம் மட்டும் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் போகவில்லையா அக்கா என்று கேட்டேன்.

"இப்பதான் விடுறாங்க தம்பி," என்றார். "போயி யாரப் புரட்டிப் போட?"

டப்பா மூடியில் ஒரு ரொட்டியை வைத்து என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றரைக்கு விசில் ஊதும்வரை அங்கேயே இருந்தேன்.